சேவலா, பெட்டையா?



முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு சற்று முன்பு வெளிவந்த கோழிக் குஞ்சு ஒன்றை உங்கள் உள்ளங்கையில் வைத்து, "இது சேவலா, பெட்டையா?" என்று கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்? பசுங்கன்றைப் பார்த்த மாத்திரத்தில் காளைக் கன்றா, கிடாரிக் கன்றா என்று சொல்லிவிடலாம். ஆட்டுக் குட்டியிடத்தும் அப்படியே. கோழிக் குஞ்சிடத்திலோ புற அடையாளம் ஒன்றும் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. கொண்டை சிவந்து தடித்து, நடையிலும் குரலிலும் வேற்றுமை தோன்றச் சில வாரங்கள் கழிய வேண்டும். கேள்வி சிறியதுதான். ஆயினும் இதற்கு விடை காண மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறான். தத்துவ ஞானிகளும், பல்கலைக்கழகப் பேராசிரியர்களும், கடல் கடந்து பிழைக்கச் சென்ற தொழிலாளரும், இறுதியில் நீதிபதிகளும்கூட இக்கேள்வியை எதிர்கொள்ள நேர்ந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிராமத்து வீட்டில் ஒரு கோழி பத்து முட்டைகளை அடைகாத்து எட்டுக் குஞ்சுகளைப் பொரித்தால், அவற்றுள் எது சேவல், எது பெட்டை என்று உடனே அறிய வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. எல்லாக் குஞ்சுகளும் தாயின் பின்னே குப்பையைக் கிளறித் திரியும்; மாலையில் பஞ்சாரத்தில் அடையும். வளர்ந்த பின் சேவல் விருந்துக்கு ஆகும். பெட்டை முட்டைக்கு ஆகும். இரண்டிற்கும் வீட்டில் இடம் உண்டு. ஆகவே காலம் தானாக விடை சொல்லும் வரையில் மக்கள் பொறுத்திருந்தனர்.

எனினும் அறிவுடையோர் சும்மா இருப்பதில்லை. முட்டையின் வடிவத்தைக் கொண்டே உள்ளிருக்கும் குஞ்சின் பாலை அறியலாம் என்று பண்டைக்காலத்தில் பலர் நம்பினர். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் விலங்கு வரலாற்று நூலில், நீண்டு கூர்ந்த முட்டை பெட்டையாகும் என்றும், உருண்டை முட்டை சேவலாகும் என்றும் காண்கிறோம். உரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா இதற்கு நேர்மாறாக, சேவல் வேண்டுமானால் நீண்டு கூர்ந்த முட்டைகளை அடைவையுங்கள், பெட்டை வேண்டுமானால் உருண்டையானவற்றை வையுங்கள் என்று உழவர்களுக்கு அறிவுரை கூறினார். அந்நூற்றாண்டிலேயே வாழ்ந்த பிளினியும் அவர் பக்கமே நின்றார். இரு கட்சியாரும் பெரியோர்; இரு கட்சியும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது. நூறு நீண்ட முட்டைகளையும் நூறு உருண்டை முட்டைகளையும் தனித்தனியே அடைவைத்து, வளர்ந்த பின் எண்ணிப் பார்த்திருந்தால் வழக்குத் தீர்ந்திருக்கும். வடிவத்திற்கும் பாலுக்கும் தொடர்பில்லை என்பது எண்ணிப் பார்த்த பின்னரே தெளிவாயிற்று. நூலிலே மோதிரத்தைக் கட்டி முட்டையின்மீது தொங்கவிட்டு, அது ஆடும் திசையைக் கொண்டு பால் கூறும் வழக்கமும் பல நாடுகளில் இருந்தது. அதுவும் எண்ணிக்கையின் முன் நில்லாத நம்பிக்கையே.

உண்மையான விடைக்கு வழி திறந்தது 1900ஆம் ஆண்டில். மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கொண்டு 1865இல் எடுத்துரைத்த விதிகள், முப்பத்தைந்து ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தாது கிடந்து, அவ்வாண்டிலே மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. செடிக்குப் பொருந்துவது உயிருள்ள பிற பிராணிகளுக்கும் பொருந்துமா என்னும் ஐயம் அப்போது எழுந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வில்லியம் பேட்சன் என்பார் கோழிகளை வளர்த்து, அவற்றின் கொண்டை வடிவம் மெண்டலின் விதிப்படியே வழிவழி வருகின்றது என்று 1902இல் நிறுவினார். அவருடன் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த இளைஞரே ரெஜினால்டு புன்னெட். உயிரியல் பாடத்தில் நீங்கள் நான்கு கட்டங்கள் வரைந்து, தந்தையின் பண்புகளை ஒரு புறமும் தாயின் பண்புகளை மறு புறமும் எழுதி, பிள்ளைகளின் பண்புகளைக் கணக்கிடுகிறீர்கள் அல்லவா? 'புன்னெட் சதுரம்' என்னும் அக்கட்டம் அவர் பெயரால் வழங்குவதே.

புன்னெட்டைப் பற்றித் தமிழ் மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. கேம்பிரிட்ஜில் அவரோடு கிரிக்கெட் ஆடிய நண்பர் ஹார்டி என்னும் கணித மேதை. ஓங்கு பண்பு தலைமுறை தோறும் பெருகிக்கொண்டே போகாதா என்று ஒருவர் எழுப்பிய வினாவைப் புன்னெட் தம் நண்பரிடம் கொண்டு சென்றார். ஹார்டி 1908இல் சில வரிக் கணக்கினால் அதற்கு விடை எழுதினார். இன்று ஹார்டி-வைன்பெர்க் விதி என்று அது வழங்குகிறது. நம் கும்பகோணத்து இராமாநுஜனை 1914இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்தவரும் அதே ஹார்டியே ஆவார்.

இனி, விதி என்ன என்பதைச் சற்றுக் காண்போம். பிராணிகளின் உடலில் உள்ள நுண்ணறைகள் ஒவ்வொன்றிலும் குரோமோசோம்கள் இணை இணையாக உள்ளன. அவற்றுள் ஓர் இணை பாலைத் தீர்மானிப்பது. மனிதருள் ஆணிடத்தே அந்த இணையின் இரு உறுப்புகளும் வேறு வேறு. பெண்ணிடத்தே இரண்டும் ஒன்றே. பறவைகளிடம் இது தலைகீழ். சேவலுக்கு 'இசட்' என்னும் குரோமோசோம் இரண்டு உண்டு. பெட்டைக்கு 'இசட்' ஒன்றும், 'டபிள்யூ' என்னும் மற்றொன்றும் உண்டு. பெட்டை தன்னிடமுள்ள ஒரே 'இசட்'டை எந்தக் குஞ்சுக்குக் கொடுக்கிறதோ அது சேவலாகிறது. 'டபிள்யூ'வைக் கொடுத்தால் அது பெட்டையாகிறது. ஆகவே 'இசட்'டில் தங்கியிருக்கும் ஒரு பண்பைத் தாய்க்கோழி தன் ஆண்குஞ்சுகளுக்கு மட்டுமே அளிக்க முடியும். பெண்குஞ்சுகள் அப்பண்பைத் தந்தையிடமிருந்தே பெற வேண்டும். "தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் பழமொழி. இங்கோ தாயைப் போல மகனும், தந்தையைப் போல மகளும் பிறக்கக் காண்கிறோம். இறகில் குறுக்குக் கோடுகள் கொண்ட பிளிமத் ராக் என்னும் அமெரிக்கக் கோழியின் கோட்டுப் பண்பு இவ்வாறு பாலோடு பிணைந்து வருவதை, ஸ்பில்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1908இல் எடுத்துக் காட்டினார்.

நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில் இந்தக் கட்டங்களைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, இந்தக் கட்டங்களால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி அது. அதற்கு வரலாறே விடை வைத்திருக்கிறது.

1914இல் முதல் உலகப் பெரும்போர் மூண்டது. பிரிட்டன் தனக்கு வேண்டிய கோதுமையில் பெரும்பகுதியைக் கப்பல் வழியாகப் பிற நாடுகளிலிருந்து பெற்று வந்த நாடு. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடிக்கவே, 1917இல் உணவு நெருக்கடி கடுமையாயிற்று. கேம்பிரிட்ஜில் தங்கியிருந்த இராமாநுஜன் தமக்கேற்ற மரக்கறி உணவு கிடைக்காமல் துன்புற்றதும் இப்போர்க்காலத்திலேதான். மனிதருக்கே தானியம் அரிதான போது கோழிகளுக்கு எங்கே போவது? முட்டைக்காகக் கோழி வளர்ப்போர் ஆயிரம் குஞ்சு பொரித்தால், அவற்றுள் ஏறக்குறைய ஐந்நூறு சேவலாக இருக்கும். அந்த ஐந்நூறும் முட்டையிடப் போவதில்லை. ஆயினும் அடையாளம் தெரியும் வரையில் பல வாரங்கள் அவற்றிற்கும் தீனி போட்டே தீர வேண்டியிருந்தது.

அப்போது அரசின் உணவு உற்பத்தித் துறையில் பணியாற்றிய புன்னெட், தம் ஆராய்ச்சியறிவை நாட்டின் தேவைக்குப் பயன்படுத்த ஒரு வழி கூறினார். தக்க சேவலையும் தக்க பெட்டையையும் இணைத்தால், பொரித்த அன்றே குஞ்சின் நிறமே அதன் பாலைச் சொல்லிவிடும் என்பதே அவ்வழி. பொன்னிற இனத்துச் சேவலை வெள்ளிநிற இனத்துப் பெட்டையோடு சேர்க்க வேண்டும். சான்றாக, ரோட் ஐலண்டு ரெட் என்னும் செந்நிறச் சேவலையும் லைட் சசெக்ஸ் என்னும் வெண்ணிறப் பெட்டையையும் சேர்த்தால், ஆண்குஞ்சுகள் தாயின் வெள்ளிப் பண்பைப் பெற்று வெளிர்மஞ்சளாகவும், பெண்குஞ்சுகள் தந்தையின் பொற்பண்பைப் பெற்றுச் செம்பழுப்பாகவும் பிறக்கும். செந்நிறச் சேவலோடு கோடுள்ள பிளிமத் ராக் பெட்டையைச் சேர்த்தால், எல்லாக் குஞ்சுகளும் கருநிறமாகவே இருக்கும். ஆனால் ஆண்குஞ்சின் உச்சந்தலையில் மட்டும் வெண்புள்ளி ஒன்று காணப்படும். சிறுவனும் பிரித்தறியத்தக்க எளிய அடையாளம்! பட்டாணிச் செடியிலே பிறந்த ஒரு தத்துவம் பஞ்ச காலத்தில் தானியத்தை மிச்சப்படுத்தும் கருவியாயிற்று.

ஆயினும் இம்முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. இணையைத் தலைகீழாக்கி, வெள்ளிநிறச் சேவலைப் பொன்னிறப் பெட்டையோடு சேர்த்தால் பயனில்லை. வெள்ளிப் பண்பு ஓங்கு பண்பாதலால் ஆண், பெண் எல்லாக் குஞ்சுகளும் வெளிர்நிறமாகவே பிறக்கும். ஏன் என்பதை நீங்களே நான்கு கட்டம் வரைந்து பார்த்து அறிந்துகொள்ளலாம். இரண்டாவது, கலப்பினக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் இணைந்தால் அடுத்த தலைமுறையில் நிறம் பாலைக் காட்டாது. ஒவ்வொரு முறையும் தூய இனங்களைத் தனித்தனியே பேணி மீண்டும் இணைக்க வேண்டும். இக்குறையை நீக்க, புன்னெட்டும் அவருடன் உழைத்த மைக்கேல் பீஸ் என்பாரும் 1920களின் இறுதியில் கேம்பார் என்னும் புதிய இனத்தை உருவாக்கினர். கோட்டுப் பண்பு ஆணுக்கு இரட்டை அளவிலும் பெண்ணுக்கு ஒற்றை அளவிலும் வருவதால், பொன்னிற உடலுடைய இவ்வினத்தில் ஆண்குஞ்சின் தூவி எப்போதும் வெளிறியே இருக்கும். தன் இனத்துக்குள்ளேயே தலைமுறை தோறும் பாலைத் தானே காட்டும் முதற் கோழியினம் இதுவே.

இதே காலத்தில் கீழ்த்திசையில் வேறொரு விடை பிறந்தது. ஜப்பானியப் பேராசிரியர் மசுயி கியோஷியும் அவருடன் உழைத்த ஹஷிமோதோ முதலியோரும், பிறந்த குஞ்சின் எச்சத்துவாரத்தின் உட்புறத்தை நுணுகி ஆராய்ந்தனர். அங்கே ஆண்குஞ்சிடம் குண்டூசித் தலையளவும் இல்லாத சிறு புடைப்பு ஒன்று இருப்பதை அவர்கள் கண்டனர். 1920களின் நடுப்பகுதியில் தம் நாட்டில் வெளியிட்ட இம்முறையை 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டின் முன்னும் வைத்தனர். இதற்கு இனமும் நிறமும் ஒரு பொருட்டன்று. எந்தக் குஞ்சையும் பிரிக்கலாம்.

படிக்க எளிதாகத் தோன்றும் இம்முறை செய்வதற்கு மிக அரிது. குஞ்சை இடக்கையில் பிடித்து, மெல்ல அழுத்தி எச்சத்தை வெளியேற்றி, விரல்களால் துவாரத்தை விரித்து, பிரகாசமான விளக்கின்கீழ் ஒரு கணம் நோக்க வேண்டும். பொரித்த முதல் நாளுக்குள்ளேயே இதைச் செய்ய வேண்டும். சில பெண்குஞ்சுகளிடமும் புடைப்பின் சாயல் உண்டு. சில ஆண்குஞ்சுகளிடம் அது மிகச் சிறிது. குஞ்சுக்குத் தீங்கு நேராமல், மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் குஞ்சுகளை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பிழையின்றிப் பிரிக்கவல்ல வல்லுநர் உண்டு. அந்நிலையை அடையப் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகளும், இடையறாத பயிற்சி வேண்டும்.

1930களில் ஜப்பானிய வல்லுநர்கள் கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்று இக்கலையைச் செய்து காட்டினர். அமெரிக்காவில் குடியேறிய ஜப்பானியரின் மக்கள் இதனைக் கற்று, பொரிப்பகம் பொரிப்பகமாகச் சென்று தொழில் புரிந்தனர். 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க அரசு மேலைக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்தது. ஏறக்குறைய 1,20,000 பேர் வீடும் வாழ்வும் இழந்தனர். அக்கொடுமைக்குப் பின் மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கியோருள் பலருக்கு இக்கைத்தொழில் துணை நின்றது. அக்காலத்தில் சிலர், ஜப்பானியரின் விரல்களும் கண்களும் பிறப்பிலேயே இதற்கென்று அமைந்தவை என்று பேசினர். புகழ்ச்சி போலத் தோன்றும் இப்பேச்சு உண்மையன்று. பின்னாளில் கொரியரும், ஐரோப்பியரும், பிறரும் இதே திறமையைப் பெற்றனர். கைத்திறன் குலத்தின் வரமன்று; பயிற்சியின் பயன்.

இதனை மெய்ப்பிக்கும் ஆய்வொன்று 1987இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உளவியலாளர்களான பீடர்மன், ஷிஃப்ரார் என்னும் இருவர், ஐம்பதாண்டுத் தொழிலில் கோடிக்கணக்கான குஞ்சுகளைப் பிரித்த ஒரு வல்லுநரிடம் சென்று, அவர் எங்கே நோக்குகிறார், எதைக் கொண்டு முடிவு செய்கிறார் என்று கேட்டறிந்தனர். பிறகு அதனை ஒரே பக்கக் குறிப்பாக எழுதினர். இத்தொழிலை அறியாதவர்களிடம் படங்களைக் காட்டியபோது முதலில் நூற்றுக்கு அறுபது அளவே சரியாகக் கூறினர். அக்குறிப்பைப் படித்த பின் எண்பதுக்கும் மேல் சரியாகக் கூறினர். படத்தைப் பார்ப்பது வேறு, துடிக்கும் குஞ்சைக் கையிற் பிடித்து விநாடியில் தீர்ப்பது வேறு என்பது உண்மையே. எனினும், "எனக்குத் தெரியும், சொல்லத் தெரியாது" என்று வல்லோர் கூறும் அறிவிலும் சொல்லத்தக்க பகுதி உண்டு என்பதையும், தக்க வினா எழுப்பினால் அது வெளிப்படும் என்பதையும் இவ்வாய்வு காட்டியது. ஆசிரியத் தொழிலில் ஈடுபட விரும்பும் மாணவர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

மூன்றாவது முறையும் ஒன்றுண்டு. இறகு விரைந்து முளைப்பதும் மெதுவாக முளைப்பதும் 'இசட்'டைச் சார்ந்த பண்புகளே. மெதுவாக முளைக்கும் பெட்டையையும் விரைந்து முளைக்கும் சேவலையும் இணைத்தால், பெண்குஞ்சின் சிறகில் முதன்மை இறகுகள் மேல்மூடும் இறகுகளைவிட நீண்டிருக்கும். ஆண்குஞ்சிடம் அவை சமமாகவோ குறுகியோ இருக்கும். சிறகை விசிறிபோல் விரித்துப் பார்த்தால் போதும். இக்காலப் பெரும் பொரிப்பகங்களில், பழுப்பு முட்டையிடும் கோழியினங்களை நிறத்தாலும் வெள்ளை முட்டையிடும் இனங்களைப் பெரும்பாலும் இறகாலும் பிரிக்கின்றனர். நிறமும் இறகும் உதவாத இடத்தில் ஜப்பானிய முறையே கைகொடுக்கிறது.

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இத்துடன் கதை முடிந்தது என்று நான் நிறுத்தினால் உங்களுக்கு உண்மையில் பாதியே சொன்னவனாவேன். பிரிக்கப்பட்ட சேவற்குஞ்சுகள் என்னவாயின? போருக்கு முன் அவை வளர்ந்து இறைச்சிக்குப் பயன்பட்டன. பின்னர் முட்டைக்கென ஓர் இனமும் இறைச்சிக்கென வேறோர் இனமும் தனித்தனியே வளர்க்கப்பட்டன. முட்டையினத்துச் சேவல் மெலிந்தது, மெதுவாக வளர்வது, தீனிச் செலவுக்கு ஈடாகாது. ஆதலின் பிறந்த அன்றே, பால் அறிந்த அக்கணமே, அவற்றைக் கொன்றுவிடும் வழக்கம் உலகெங்கும் பரவிற்று. ஜெர்மனியில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கரைக் கோடிச் சேவற்குஞ்சுகள் இவ்வாறு மடிந்தன. பஞ்ச காலத்தில் தானியத்தைக் காக்கப் பிறந்த அறிவு, செழிப்புக் காலத்தில் இவ்வளவு உயிர்களைக் கணக்கிலிருந்து நீக்கும் அறிவாகவும் ஆயிற்று.

இது தகுமா என்னும் கேள்வி ஜெர்மனியின் நீதிமன்றங்களில் எழுந்தது. பொருள் ஆதாயம் ஒன்றே உயிரைப் போக்குவதற்குத் தக்க காரணமாகாது என்று அந்நாட்டின் கூட்டாட்சி நிருவாக நீதிமன்றம் 2019இல் கருத்துரைத்தது. மாற்று முறை கைவரும் வரையிலேயே பழைய வழக்கம் நீடிக்கலாம் என்றது. அதன்பின் இயற்றப்பட்ட சட்டப்படி 2022 ஜனவரி முதல் அங்கு அவ்வழக்கம் தடை செய்யப்பட்டது. பிரான்சும் 2023இல் இவ்வழியே சென்றது. இப்போது முட்டைக்குள்ளேயே பாலை அறிய முயல்கின்றனர். ஒரு முறையில், அடைவைத்த ஒன்பதாம் நாளை ஒட்டி, முட்டையிலிருந்து ஒரு துளி நீர் எடுத்துச் சோதிக்கின்றனர். மற்றொரு முறையில், பதின்மூன்றாம் நாளளவில் முட்டையினூடே ஒளியைச் செலுத்தி, உள்ளே முளைத்துள்ள தூவியின் நிறத்தைக் கருவி கொண்டு படிக்கின்றனர். வெளிர்நிறமானால் சேவல், செம்பழுப்பானால் பெட்டை. நூறாண்டுகளுக்கு முன் புன்னெட் கூறிய அதே பொன்னும் வெள்ளியும்தான்! பொரித்த பின் கண்டதை இப்போது ஓட்டின் வழியே காண்கின்றனர்.

இவ்வரலாற்றோடு நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. பேட்சனும் புன்னெட்டும் 1910இல் தொடங்கிய மரபியல் ஆராய்ச்சி இதழைப் பின்னாளில் நடத்திய ஹால்டேன் என்னும் பேரறிஞர், 1957இல் இந்தியாவில் குடியேறி, இதழையும் உடன் கொண்டு வந்தார். இடையில் நின்றுபோன அவ்விதழை 1985 முதல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி வெளியிட்டு வருகிறது. உங்களுள் ஒருவர் நாளை அதில் கட்டுரை எழுதலாம்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் கோழி வளர்ப்போர், அடைவைக்கும் முட்டைகளை நீண்டவை, உருண்டையானவை என்று பிரித்து, குஞ்சு பொரித்ததும் காலில் வண்ண நூல் கட்டி அடையாளமிட்டு, வளர்ந்த பின் சேவல் எத்தனை, பெட்டை எத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஓராண்டில் அரிஸ்டாட்டிலுக்கும் கொலுமெல்லாவுக்கும் இடையே இருந்த வழக்கை நீங்களே விசாரித்தவர் ஆவீர்கள். எண்ணுவது அறிவின் தொடக்கம். எண்ணி அறிந்தபின், பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட பாதிக்கு நாம் செய்ய வேண்டியது யாது என்பதையும் அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். அந்தக் கணக்கிற்கு நான்கு கட்டங்கள் போதமாட்டா. நீங்கள்தான் சிந்திக்க வேண்டும்.